அன்புக்கரசியின் ஐரிஸ் குளங்கள்

ஐரிஸ் செடியை முதன்முதலில் பார்த்தபோது அன்புக்கரசி அதை வசம்பு என்றே நினைத்தார். வாள் போல நீண்டு விசிறியாக விரிந்த இலை, தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் வாகு, எல்லாம் வசம்பேதான். ஓர் இலை நுனியைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். வாசமே இல்லை.

"வசம்பு இல்லீங்க இது," என்றார் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கதிரேசனிடம்.

"வசம்புன்னு யாரும்மா சொன்னா? ஐரிஸுங்கறாங்க. பெங்களூர்ல இருந்து வந்திருக்குது. ஒரு செடி போனாலும் என்னையத்தான் கேப்பாங்க, பாத்துக்க."

இது ஒன்பது வருடத்துக்கு முன்பு, சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. வளாகத்தில் நடந்தது. அன்புக்கரசிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பிறந்தது கொடுமுடிப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில். பன்னிரண்டு வயதில் அம்மா பாவாத்தாளோடு மஞ்சள் வெட்டப் போனவர். பிறகு நூல் மில். கட்டிக்கொண்டது பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் தமிழ்ச்செல்வனை. பஞ்சுத் தூசியில் இழுப்பு வந்து, இனி மில்லுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, இரண்டு பஸ் மாறி இந்த வளாகத்துக்குத் தோட்ட வேலைக்கு வர ஆரம்பித்திருந்தார். புல் வெட்டுவது, சருகு கூட்டுவது, வாசலில் இருந்த குளத்தில் பாசி எடுப்பது, இவ்வளவுதான் அவர் வேலை.

இரண்டு வருடம் ஓடியது. ஐரிஸ் ஒரு மொட்டுக்கூட விடவில்லை. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் வெளுத்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. செடி வைத்த கம்பெனிக்காரர்கள் வந்து உரம் போட்டார்கள். குளத்தில் பாசி கொழுத்ததுதான் மிச்சம். கடைசியில், குளத்தை மூடிவிட்டு மேலே பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவானது.

அன்றைக்கு அன்புக்கரசி கதிரேசன் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, மூடறதுக்கு முன்னாடி ஒரு தொட்டியக் கவுத்துப் பாத்துக்கறேனுங்க."

"பாத்து என்ன பண்ணப் போறே?"

"கெழங்குங்க அது. கெழங்கு எனக்குத் தெரியும்."

கதிரேசனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குளத்துக்குள் இருந்த செடித் தொட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்ததும் அன்புக்கரசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேர் விட மண் இல்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தன. மஞ்சளில் தாய்க்கிழங்கு ஒரு தடவை பிள்ளை பெற்றால் அதோடு அதன் வேலை முடிந்தது. இங்கேயும் பழைய கிழங்கெல்லாம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, ஓரத்தில் துளிர்த்த இளம் முளைகள்தான் உயிரோடு இருந்தன. அவற்றை மட்டும் கத்தியால் பிரித்தெடுத்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி, ஒரு நாள் நிழலில் ஆறப்போட்டு, கிழங்கின் முதுகு லேசாக மண்ணில் மறைகிற மாதிரி நட்டார். தொட்டிகள் இரண்டடி ஆழத்தில் மூழ்கிக் கிடந்தன. கீழே செங்கல் அடுக்கி, தண்ணீர் தொட்டியின் விளிம்பை நான்கு விரல்கடை மட்டும் மூடும்படி தூக்கி வைத்தார்.

செடி பிழைத்தது. ஆனால் இலையின் மஞ்சள் மட்டும் மாறவில்லை.

அதற்குக் காரணம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. குளத்தின் கரைச் சிமென்டில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. போர் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்பு அது. கட்டடத்தின் பின்பக்கம் ஏ.சி. பெட்டிகளில் இருந்து தண்ணீர் சொட்டுகிற மூலையில் மட்டும் அந்தப் பொருக்கே இல்லை. அங்கே தானாக முளைத்திருந்த சேம்பு கருகருவென்று பச்சை கட்டி நின்றது. அன்புக்கரசி ஒரு டம்ளர் ஏ.சி. தண்ணீரை வெயிலில் வைத்துக் காயவிட்டார். டம்ளரில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி சுத்தமான தண்ணீர், நாள் முழுக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வன் குழாய்த் துண்டுகளும் பசையுமாக வந்து, பதினாறு ஏ.சி. பெட்டிகளின் தண்ணீரையும் ஒரே பைப்பில் சேர்த்துக் குளத்தில் விட்டுக் கொடுத்தார். கதிரேசன் கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை. எட்டு மணிக்கு வந்த அன்புக்கரசி குளத்தங்கரையிலேயே நின்றுவிட்டார். இடுப்புயரத் தண்டில், உள்ளங்கை அகலத்துக்கு, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பூ. இதழ்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொங்க, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளில் ஒரு கோடு. கழுத்தில் கார்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடிய பிள்ளைகளெல்லாம் நின்று போட்டோ எடுத்தார்கள். அன்று அவர் மத்தியானச் சோற்றைக்கூட அங்கேயே உட்கார்ந்துதான் தின்றார். பிளாஸ்டிக் புல் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆனால் அடுத்த வருடம் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கிழங்கு பிரித்தபோது கழித்த பழைய கிழங்குகளை அன்புக்கரசி பின்சுவருக்கு அந்தப்பக்கம் வீசிவிட்டார். அங்கே வெங்கடம்மாள் என்பவரின் ஆடுகள் மேய்வது அவருக்குத் தெரியாது. இரண்டு உருப்படிகள் கிழங்கைத் தின்று கழிய ஆரம்பித்தன. பெரிய ஆடு தப்பித்தது. குட்டி செத்துப்போனது. சுவருக்கு மேலே அழுகைச் சத்தம் கேட்டு அன்புக்கரசி சுற்றிக்கொண்டு ஓடினார். என்னத்தைத் தின்றதோ என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் திரும்பியிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"நான் வீசுன கெழங்குதானுங்க," என்றார் அன்புக்கரசி. "தெரியாம செஞ்சுபோட்டேன்."

வெங்கடம்மாள் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அன்புக்கரசி நின்று கேட்டுக்கொண்டார். அந்த மாதமே பெரியநாயக்கன்பாளையத்தில் தன் வீட்டில் வளர்த்த ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு கழித்த கிழங்கு ஒவ்வொன்றும் குழிக்குள்தான் போயிற்று. அதன் பால் பட்டாலே தன் கை அரித்துத் தடித்ததை அதற்கு முன்பு அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது உறை போடாமல் தொடுவதில்லை.

வளாகத்தில் வேலை பார்த்த ஒருத்தர் தன் வீட்டுக் குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். அவர் சொல்லி இன்னொருத்தர். நான்கு வருடத்தில் அன்புக்கரசி வேலையை விட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கி, அதன் முன்னால் கத்தி, உறை, சாம்பல் டப்பா எல்லாம் வைத்த பையை மாட்டிக்கொண்டு சொந்தமாகக் கிளம்பிவிட்டார். இப்போது அவர் கையில் பதினான்கு குளங்கள்.

போன வருடம் ஆவணியில் வந்ததுதான் காங்கேயத்துக் குளம்.

கூப்பிட்டது அக்ஷயா என்ற பெண். அந்த ஐ.டி. வளாகத்தில் வேலை பார்த்தவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அப்பா வெள்ளியங்கிரிக்கு எண்ணெய் மில்லும், தென்னந்தோப்பும், மாடு மேயும் கொறங்காடும் இருந்தன. தோட்டத்து வீட்டின் முன்னால் ஆசையாகக் குளம் வெட்டி ஐரிஸ் வாங்கி வைத்து ஒன்றரை வருடமாகியும் பூக்கவில்லை. தம்பி மிதுனுக்கு மாசியில் நிச்சயதார்த்தம். அதற்குள் பூக்குமா என்று கேட்டார்.

"பாத்துட்டுத்தானுங்க சொல்ல முடியும்," என்றார் அன்புக்கரசி.

அவ்வளவு தூரம் ஸ்கூட்டி தாங்காது என்று பஸ்ஸில் போனார். வாசலில் அக்ஷயாவின் அம்மா நாச்சியம்மாள் எதிர்கொண்டார். "வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க," என்று நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

அன்புக்கரசி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

நாச்சியம்மாளின் முகம் மலர்ந்தது. "அட, எங்க பொறந்த ஊராச்சுங்களே அது! ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அன்புக்கரசிக்குத் தெரியும். சுற்றி வளைத்துப் பதில் சொல்பவர்கள் உண்டு. அவர் சொன்னதில்லை.

"காலனிதானுங்க. பாவாத்தா மக."

நாச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாவாத்தாளா? எங்கப்பாரு தோட்டத்துல மஞ்ச வெட்டுனவளாச்சே."

"ஆமாங்க. நானும் வெட்டியிருக்கேன். பன்னெண்டு வயசுல."

"அப்படியா," என்றார் நாச்சியம்மாள். பிறகு, "செரி, வா. குளத்தப் பாரு," என்று முன்னால் நடந்தார். வாங்க, வா ஆகிவிட்டது. அன்புக்கரசி அதைக் கவனிக்காமலில்லை. நாற்காலியில் இருந்து அவசரப்படாமல் எழுந்து, மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுத்தான் பின்னால் போனார்.

குளம் நல்ல குளம். வெயில் அரை நாளுக்குக் குறையாமல் விழுந்தது. மற்றதெல்லாம் தப்பு. நாக்கில் வைத்தாலே கரிக்கிற போர் தண்ணீர். ஆழத்தில் மூழ்கிய தொட்டிகள். உள்ளே பின்னிப் பிசைந்த கிழங்கு. கொப்பரை காயப்போடும் களத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகை இருந்தது. அதை அண்ணாந்து பார்த்தார் அன்புக்கரசி.

"இந்தத் தண்ணிய எறைச்சுபோட்டு, பொரட்டாசியில கெழங்கப் பிரிச்சு வெச்சறலாங்க. மழை வார வரைக்கும் உயிர் நிக்க, உங்க வீட்டு ஏ.சி. தண்ணி போதும். ஐப்பசி மழைக்கு இந்தக் கொட்டகைத் தண்ணி பூராத்தையும் குளத்துக்குத் திருப்பிக்கோணும். அப்படிச் செஞ்சா தை கடைசிக்குப் பூக்கும்."

"பூக்கலீன்னா?" என்றது பின்னால் ஒரு குரல். வெள்ளியங்கிரி. அறுபது தாண்டிய, நெடிய ஆள்.

"பூக்கலீன்னா நான் எதுக்குங்க வரோணும்?" என்றார் அன்புக்கரசி.

புரட்டாசி மூன்றாவது வாரம் வேலை தொடங்கியது. தமிழ்ச்செல்வனும் வந்து கொட்டகைக் கூரைக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார். அன்புக்கரசி இரண்டு நாள் குனிந்தபடியே கிழங்கு பிரித்தார். குளத்துக்கு வேண்டிய அறுபது முளைகளை நட்டது போக, நாற்பது மிஞ்சின. கழித்த கிழங்கு தனியாக ஒரு குவியல்.

வெள்ளியங்கிரி வந்து பார்த்தார். குளம் நிரம்பினால் வழிகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி, கொறங்காட்டு ஓரத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் போய் விழும். அந்த வாய்க்காலைக் காட்டி, "மிச்சத்த வாய்க்கால் நெடுக வெச்சுடு. வரிசையா பூத்தா பாக்க நல்லாருக்கும்," என்றார்.

"அங்க வெக்க முடியாதுங்க."

"ஏன்?"

"மாடு வாய் வெச்சா ஆவாதுங்க. இது வெஷம்."

"எம் மாட்டுக்கு எதத் திங்கறதுன்னு தெரியும். நாஞ் சொல்றேன், வெய்யி."

"வெக்க மாட்டேனுங்க," என்றார் அன்புக்கரசி.

களத்தில் கொப்பரை கிளறிக்கொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து திரும்பிப் பார்த்தார்கள். நாச்சியம்மாள் வாசலில் இருந்து இறங்கி வந்தார். "என்ன புள்ள, அவுங்ககிட்ட இப்படிப் பேசறே?"

அம்மாவாக இருந்தால் இந்நேரம் தலை குனிந்து நட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் அன்புக்கரசிக்கு அந்தச் செத்த ஆட்டுக்குட்டியின் வாயில் தள்ளியிருந்த நுரை ஞாபகம் வந்தது. உறையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அய்யா, வாடுன எளஞ்சோளத்த மாடு மேஞ்சா என்னங்க ஆகும்?"

அந்தச் சீமையில் அது தெரியாத விவசாயி கிடையாது. வயிறு உப்பி, நின்ற இடத்தில் சாய்ந்துபோகும்.

"சோளம் திங்கற பயிருதானுங்க. மாடு அதுலயே ஏமாந்துபோவுது. பங்குனி சித்திரையில உங்க கொறங்காடு பூரா காஞ்சு கெடக்கும். அப்ப பச்சையா நிக்கறது இது ஒண்ணுதான். தண்ணி குடிக்க வார மாடு வாய் வெக்காம போகுமுங்களா? ஒரு தடவ நான் வீசுன கெழங்கத் தின்னு ஒரு ஆட்டுக்குட்டி செத்துப்போச்சுங்க. அது என்ர தப்பு. ரெண்டாந்தடவ தெரிஞ்சே செய்ய மாட்டேன். வாய்க்கால்ல வெச்சுத்தான் ஆவோணும்னா, குளத்துல நட்டதையும் புடுங்கிப்போட்டு நான் பஸ் ஏறிக்கறேனுங்க. கூலியும் வேண்டாம்."

வெள்ளியங்கிரி வாய்க்காலையே பார்த்தபடி நின்றார். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவருடைய செவலைப் பசு ஒன்று தொட்டியில் தலையை விட்டுத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான்கு கண்காட்சியில் பரிசு வாங்கிய பசு.

"நீங்க வீசுனதுதான்னு ஆட்டுக்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் கடைசியில். நீங்க என்று சொன்னதை அவரே கவனித்தாரோ என்னவோ.

"நானாத்தான் போய்ச் சொன்னேனுங்க."

வெள்ளியங்கிரி களத்துப் பக்கம் நடந்துபோய் ஒரு மம்பட்டியோடு திரும்பினார். "அந்தக் குவியல எத்தன ஆழத்துல பொதைக்கோணும்?" என்று கேட்டு, ஆள் யாரையும் கூப்பிடாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குழி வெட்டினார். வழிகிற தண்ணீர் மாட்டுத் தொட்டிக்குப் போகாமல் தென்னைக்குத் திரும்பியது. மறுவாரம் குளத்தைச் சுற்றிக் கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக நட்டு, அது வேலியாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று இடையில் முள்ளும் கட்டிவைத்தார். மிஞ்சிய நாற்பது முளைகளையும் அன்புக்கரசியே எடுத்துக்கொண்டார். எந்தக் குளத்தில் பிரித்தாலும் மிச்சம் தன்னுடையது என்பது அவர் எல்லோரிடமும் முதலிலேயே பேசிக்கொள்கிற பேச்சு.

ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. கொட்டகைத் தண்ணீர் இரண்டே வாரத்தில் குளத்தை நிரப்பியது. கார்த்திகையில் இலைகள் கரும்பச்சைக்கு மாறின. மார்கழிப் பனியில் அன்புக்கரசி இரண்டு தடவை வந்து, அழுகிய இலையை அறுத்து, தொட்டிகளின் உயரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போனார். தை பாதி தாண்டியும் மொட்டு இல்லை. நாச்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அன்புக்கரசிக்குத்தான் ராத்தூக்கம் குறைந்தது.

தை இருபத்தாறாம் தேதி காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது.

"ஏனுங்க அம்மணி, நாச்சியம்மா பேசறேன். எந்திரிச்சுட்டீங்களா?"

"சொல்லுங்க."

"பூத்துப்போச்சுங்க! ஏழு பூவு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு! இவரு விடிகாலையில இருந்து நாற்காலி போட்டு அங்கயே உக்காந்திருக்காரு. காப்பிகூட அங்கயே கொண்டாரச் சொல்றாரு. நீங்க எப்ப வாரீங்க?"

"மத்தியானம் வாரேனுங்க," என்றார் அன்புக்கரசி. போனை வைத்ததும் அடுப்பங்கரையில் நின்றபடியே அம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

"பூத்துதா?" என்றார் பாவாத்தாள். மகள் சொல்லிச் சொல்லி அவருக்கும் இந்தக் குளத்தைப் பற்றி எல்லாம் தெரியும். "சாமிக்கு வெக்கலாமா அத?"

"ரெண்டு நாளைக்கு மேல நிக்காது. வாசமும் இல்ல."

"அப்பறம் எதுக்குடி இந்தப் பாடு?"

"பாக்கறதுக்குத்தாம்மா."

"நாச்சியம்மா கூப்புட்டுச்சா? என்னன்னு கூப்புட்டுச்சு?"

"ஏனுங்க அம்மணின்னு."

"உன்னையவா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

மாசி ஐந்தாம் தேதி நிச்சயதார்த்தம். குளத்தில் அன்று முப்பதுக்கு மேல் பூக்கள். விடிவதற்குள் வந்த அன்புக்கரசி வாடினவற்றையும் விதைக்காய் பிடித்த தலைகளையும் கத்தரித்துப் பைக்குள் போட்டார். விதை தண்ணீரோடு போய் எங்கேயாவது முளைத்தால் அதற்கும் அவர்தானே பொறுப்பு. பிறகு அக்ஷயாவின் அறையிலேயே கைகால் கழுவி, கொண்டுவந்திருந்த பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தார். பத்திரிகையில் அவர் பெயர் எழுதி வீட்டுக்கே வந்து கொடுத்திருந்தார்கள்.

வந்தவர்கள் பாதிப்பேர் குளத்தங்கரையில்தான் நின்றார்கள். சம்பந்தி வீட்டாரில் ஒருவர், கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருப்பவர், வெள்ளியங்கிரியிடம் கேட்டார்: "பெங்களூர்க்காரங்க செஞ்சதுங்களா? ஊட்டிப் பக்கம் ஆளுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. அன்புக்கரசின்னு, பெரியநாயக்கன்பாளையம். அதா, அந்தப் பச்சச் சேலை." வெள்ளியங்கிரி சத்தமாகவே சொன்னார். "அவங்க கண்டிசன் கொஞ்சம் அதிகமுங்க. நானே கேட்டு நடந்திருக்கேன்னா பாத்துக்கங்க."

பவுண்டரிக்காரர் நேராக அன்புக்கரசியிடம் வந்தார். தன் வீட்டிலும் குளம் இருக்கிறது, இப்போதே செடி வைத்தால் சித்திரைக்குள் பூத்துவிடுமா என்று கேட்டார்.

"சித்திரைக்குப் பூக்காதுங்க. பொரட்டாசியில வெச்சாத்தான் தையில பூக்கும். ஊட்ல மாடு, ஆடு ஏதாவது இருக்குதுங்களா?"

"நாய் ரெண்டு இருக்குது."

"நாய்க்கும் வேலி போட்றோணுங்க. மழைத் தண்ணி புடிக்க எடமிருக்குமா?"

"இருக்குமுங்க."

"அப்ப ஆவணியில கூப்புடுங்க, வந்து பாக்கறேன்," என்று சொல்லி, அன்புக்கரசி தன் கைப்பையைத் திறந்து நம்பர் அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.